மாரியோ காற்றில் திரும்புகிறான், சவுக்குக்காரன் ஏன் திரும்புவதில்லை? பிளாட்ஃபார்ம் கேம்களின் தாவல் கணக்கு

போன கோடை விடுமுறைக்கு அக்கா மகன் வந்திருந்தான். பத்து வயசு. என்னிடம் இருக்கும் பழைய கேம்களில் ஒன்றைக் காட்டிப் பெருமையடிக்கலாம் என்று 1986-இல் வந்த காசில்வேனியாவைப் போட்டுக் கொடுத்தேன். சவுக்கு வைத்திருக்கும் ஒருவன் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைந்து பேய்களை அடித்துக்கொண்டே போகும் கேம். கொஞ்ச நேரத்தில் ஒரு பள்ளத்தைத் தாண்டத் தாவினான். எதிரிலிருந்து ஏதோ பறந்து வந்தது. பின்னால் வந்துவிடலாம் என்று பட்டனைப் பின்பக்கம் அழுத்தினான். சவுக்குக்காரன் திரும்பவே இல்லை. நேராகப் போய் முட்டி, பின்னால் தூக்கியெறியப்பட்டு, பள்ளத்தில் விழுந்தான்.

“மாமா, ரிமோட் வேலை செய்யல.”

“செய்யுதுடா.”

“அப்புறம் ஏன் இவன் திரும்ப மாட்டேங்கறான்?”

“அவன் அப்படித்தான். தாவிட்டான்னா தாவினதுதான்.”

“மாரியோ திரும்புவானே?”

கேள்வி நியாயமானது. இரண்டும் ஒரே கன்சோலில், அதாவது டிவியில் மாட்டி ஆடும் ஒரே பெட்டியில், ஓடிய கேம்கள். நடுவில் ஒரு வருஷ இடைவெளிதான். ஒருவன் காற்றில் திரும்புகிறான், இன்னொருவன் திரும்புவதில்லை. இதற்கான பதிலைச் சொல்லப்போனால் பிளாட்ஃபார்ம் கேம் என்றால் என்ன, பழையவற்றை இப்போது எடுத்து ஆடினால் ஏன் கை தடுமாறுகிறது, இன்று சின்னச் சின்னக் குழுக்கள் செய்து வெளியிடும் இண்டி கேம்கள் பார்க்கப் பழசாக இருந்தும் ஆட ஏன் சுகமாக இருக்கின்றன என்பதெல்லாம் சேர்ந்தே வந்துவிடும்.

முதலில் பெயர். பிளாட்ஃபார்ம் என்பது இங்கே ரயில் நிலைய நடைமேடை இல்லை; திரையில் தெரியும் மேடை, திட்டு, கட்டை, எதுவானாலும். ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு விழாமல் தாவிப் போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பாண்டி ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: கட்டம், தாவல், கோட்டை மிதித்தால் அவுட். துப்பாக்கி, சவுக்கு, காளான், கதை எல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை. தாவல் சரியில்லாத பிளாட்ஃபார்ம் கேமை வேறு எதைக்கொண்டும் காப்பாற்ற முடியாது என்பது என் கட்சி.

ஏணி ஏறி இறங்கும் கேம்கள் 1980-இலேயே இருந்தன. ஆனால் 1981-இல் வந்த டாங்கி காங்கில்தான் உருண்டு வரும் பீப்பாயைத் தாவித் தாண்டும் மனிதன் எல்லாருக்கும் அறிமுகமானான். உருவாக்கியவர் ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோவின் ஷிகேரு மியாமோட்டோ. அந்த மனிதனுக்கு அப்போது பெயர்கூடச் சரியாக இல்லை, ஜம்ப்மேன் என்றார்கள். தாவுகிறவன், அவ்வளவுதான். பிற்பாடு மாரியோ ஆனவன் அவனே.

அடுத்த வருஷம், 1982-இல், அடாரி 2600 கன்சோலுக்கு டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால் வந்தது. காட்டுக்குள் ஓடி, குழியைத் தாண்டி, முதலைத் தலையில் கால்வைத்துப் போகிற கேம். 255 திரைகள். மொத்த கேமும் 4 கிலோபைட். 255 திரைகளின் படத்தைச் சேமிக்க அதில் இடமே கிடையாது. கிரேன் என்ன செய்தார் தெரியுமா? ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டார். வலப்பக்கம் ஓடினால் அந்த எண்ணை ஒரு விதிப்படி மாற்றினால் அடுத்த திரை கிடைக்கும். இடப்பக்கம் ஓடினால் அதே விதியைத் திருப்பிப் போட்டால் முந்தைய திரை. குழி எங்கே, ஏணி எங்கே, பொக்கிஷம் எங்கே என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். காடு முழுவதும் ஒரு வாய்ப்பாடு! எனக்கு இன்றும் இதை நினைத்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

1985 செப்டம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வந்தது. அந்தத் தாவலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கேம் ஒன்றின் உள்ளே நேரம் ஃபிரேம் ஃபிரேமாக நகர்கிறது. விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம். ஒவ்வொரு ஃபிரேமிலும் கேம் இரண்டு சின்னக் கூட்டல் கழித்தல் போடுகிறது. ஒன்று, மேலே போகிற வேகத்தின் அளவுக்கு ஆளை நகர்த்துவது. இரண்டு, அந்த வேகத்திலிருந்து புவியீர்ப்பைக் கழிப்பது. ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்தியதும் வேகம் ஃபிரேமுக்கு 4 பிக்சல் (பிக்சல் என்றால் திரைப் படத்தின் மிகச் சின்னப் புள்ளி). புவியீர்ப்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் கால் பிக்சலைத் தின்கிறது. 16 ஃபிரேமில் வேகம் தீர்ந்துவிடும். கூட்டிப் பார்த்தால் ஆள் ஏறியது ஏறக்குறைய 34 பிக்சல். மாரியோவில் ஒரு செங்கல் 16 பிக்சல். ஆக இரண்டு செங்கல் உயரம். கால் விநாடிக்குச் சற்று மேல்.

இப்போது ஒரு சின்னத் தில்லுமுல்லு. பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை புவியீர்ப்பைப் பாதியாக்கிவிடுவோம். இப்போது வேகம் தீர 32 ஃபிரேம் ஆகும். உயரம் 66 பிக்சல், நாலு செங்கல். லேசாகத் தட்டினால் குட்டித் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். மாரியோ உள்ளே செய்வது இந்த வகைக் கணக்குதான். அதோடு, உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியதும் ஈர்ப்பு பலமாகிவிடுகிறது. ஏறும்போது மிதக்கிறான், இறங்கும்போது பொத்தென்று விழுகிறான். பூமியில் எந்தப் பொருளும் இப்படி விழாது. ஆனால் ஆடுகிற கைக்கு இதுதான் இயற்கையாகத் தெரிகிறது. இயற்பியல்படி சரியாகத் தாவுகிற ஒருவனை வைத்துச் செய்துபாருங்கள், பலூன் மாதிரி இருக்கும்.

காற்றில் திரும்புவதும் இந்த ஜாதிப் பொய்தான். நிஜத்தில் தாவிய பிறகு கால் ஊன்ற எதுவும் இல்லை. திசையை மாற்றவே முடியாது. மாரியோவில் முடியும். தாவிவிட்டு, “ஐயோ, தப்பு” என்று நினைத்த கணத்தில் பின்னால் அழுத்தினால் கொஞ்சம் பின்வாங்குவான். சின்ன வயதில் நாம் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பையே ஒரு பக்கம் சாய்ப்போமே, அந்தச் சாய்வைக் கேம் மதித்துக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசில்வேனியா அதை மதிப்பதில்லை. செய்யத் தெரியாமல் இல்லை. மாரியோ அதற்கு முந்தைய வருஷமே வந்து எல்லார் வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே தாவல் என்பது எய்த அம்பு. எய்வதற்கு முன்னால் யோசி. பறந்து வரும் மெதூசா தலைகள் அலைபோல ஏறி இறங்கி வரும். எந்த ஏற்றத்தில் தாவினால் தப்பலாம் என்று நின்று பார்த்துவிட்டுத்தான் தாவ வேண்டும். மாரியோ ஓட்டப்பந்தயம் என்றால் இது சதுரங்கத்துக்குப் பக்கம். அக்கா மகனுக்கு அப்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ரிமோட்டைக் கொடுத்தது என் தப்பு.

ஆனால் பழைய கேம்களில் உள்ள எல்லாக் கஷ்டத்தையும் இப்படி “திட்டமிட்டது” என்று வாதாடிவிட முடியாது. பலதும் பெட்டியின் போதாமை. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தம் 40 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படம் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. அதற்குள் 32 ஸ்டேஜ், பாட்டு, எதிரிகள் எல்லாம். அதனால்தான் வானத்து மேகமும் தரையிலிருக்கும் புதரும் ஒரே படம். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை, அவ்வளவே வித்தியாசம். ஃபேமிகாமின் வேலை செய்யும் நினைவகம் 2 கிலோபைட். ஒரு கிடைக்கோட்டில் 8 சின்னப் படங்களுக்கு மேல் காட்ட முடியாது. அதற்கு மேல் வந்தால் சில மறைந்துவிடும். அதைச் சமாளிக்கக் கேம்கள் ஒரு ஃபிரேமில் சிலவற்றையும் அடுத்த ஃபிரேமில் மற்றவற்றையும் காட்டும். எதிரிகள் கூட்டமாக வந்தால் மினுக்மினுக்கென்று தெரியுமே, அது இதனால்தான். நம் டிவியில் கோளாறு என்று அப்பாவிடம் திட்டு வாங்கியவர்கள் இப்போது நிம்மதியடையலாம்.

இன்னொரு வகைக் கஷ்டமும் உண்டு. அது காசு போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களிலிருந்து வந்த பழக்கம். மூன்று லைஃப், போனால் முதலிலிருந்து. ஆர்கேடில் ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். வீட்டுக் கன்சோலில் அதற்கு அவசியமே இல்லை; ஆனாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. உள்ளே இடம் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது. நன்றாக ஆடத் தெரிந்தவர் அரை மணியில் முடித்துவிடக்கூடிய கேமை மாதக்கணக்கில் நீட்ட ஒரே வழி, திரும்பத் திரும்பச் சாகடிப்பதுதான்.

ஆக, ஒரு பழைய கேமைத் திரும்ப எடுக்கும்போது நான் மனதில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்தக் கஷ்டம் யோசித்து வைத்ததா, பெட்டியில் இடமில்லாமல் வந்ததா, இல்லை காசுப் பெட்டியின் வால் ஒட்டிக்கொண்டு வந்ததா? முதலாவது என்றால் பொறுமையாகக் கற்றுக்கொள்ளலாம். மற்ற இரண்டும் என்றால் கொஞ்சமும் கூச்சப்படாமல் ஏமாற்றலாம். நின்டெண்டோ ஸ்விட்ச் சந்தாவில் வரும் பழைய ஃபேமிகாம் காலத்துக் கேம்களில் நேரத்தைப் பின்னோக்கிச் சுற்றும் வசதியே இருக்கிறது. நான் சுற்றுகிறேன்.

நம் ஊரில் இந்தக் கேம்கள் வந்த கதை தனி. அசல் ஃபேமிகாமைப் பார்த்தவர்கள் குறைவு. நாங்கள் ஆடியது அதை அச்சடித்தாற்போல் செய்த மலிவுப் பெட்டி. அதற்குப் பெயர் டிவி கேம். அதில் செருகுவது கேசட். கேசட்டின் மேல் 9999999 இன் 1 என்று போட்டிருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து கேம், மீதியெல்லாம் அதே கேமின் நாலாவது ஸ்டேஜிலிருந்தோ பத்து லைஃபோடோ தொடங்கும் வடிவங்கள். ஓடவில்லையென்றால் கேசட்டை எடுத்து ஊதுவோம். ஊதுவதில் ஒரு புண்ணியமும் இல்லை. எடுத்துத் திரும்பச் செருகியதால்தான் ஓடியது. வாயின் ஈரம் உள்ளேயிருக்கும் உலோகப் பட்டைகளை அரித்ததுதான் மிச்சம்.

அந்தப் பெட்டியும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் லேப். அங்கே டேஞ்சரஸ் டேவ். சிவப்புத் தொப்பி, தங்கக் கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும், பத்து ஸ்டேஜ். வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர், மிஸ் வந்தால் பெயிண்ட் திறந்திருக்க வேண்டும். சென்ற மாதம் அதைத் திரும்ப ஆடிப் பார்த்தேன். நினைவில் இருந்த டேவ் சுறுசுறுப்பானவன். இவன் கட்டை மாதிரி எழும்புகிறான். பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே உயரம். திரையோ மாரியோவில் போல வழுக்கிக்கொண்டு நகர்வதில்லை. ஓரத்துக்குப் போனால் ஒரேயடியாக அடுத்த பக்கம் புரளுகிறது.

டேவைச் சொல்லிவிட்டு அதன் பின்கதையைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. டேவை எழுதியவர் ஜான் ரொமேரோ. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களால் திரையை வழுக்க முடியாது. அதற்கெனக் கன்சோலில் இருந்த சிறப்பு ஏற்பாடு கம்ப்யூட்டரில் இல்லை. 1990 செப்டம்பரில் ஒரு ராத்திரி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அவரோடு வேலை பார்த்த ஜான் கார்மாக் ஒரு வழி கண்டுபிடித்தார். திரை முழுவதையும் திரும்ப வரையாமல், மாறிய சதுரங்களை மட்டும் வரைவது. கார்மாக்கும் டாம் ஹாலும் சேர்ந்து விடிவதற்குள் சூப்பர் மாரியோ 3-இன் முதல் ஸ்டேஜை அப்படியே கம்ப்யூட்டரில் செய்து, மாரியோவுக்குப் பதில் டேவைப் போட்டு, டிஸ்கை ரொமேரோவின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். டேஞ்சரஸ் டேவ் இன் காப்பிரைட் இன்ஃப்ரிஞ்மென்ட் என்று குறும்பாகப் பெயர் வேறு. காப்புரிமையை மீறிய டேவ் என்று அர்த்தம். காலையில் பார்த்த ரொமேரோ ஆடிப்போய்விட்டார். நின்டெண்டோவிடம் காட்டினார்கள், அவர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த நண்பர்கள் பிறகு தொடங்கியதுதான் டூம் கேமைக் கொடுத்த இட் சாஃப்ட்வேர். நம் லேபில் மிஸ்ஸுக்குப் பயந்து ஆடிய சிவப்புத் தொப்பிக்காரனுக்கு இவ்வளவு பெரிய உறவுமுறை.

இனி இண்டி. பெரிய நிறுவனத்தின் பணமும் கட்டளையும் இல்லாமல் ஒருவரோ சிலரோ சேர்ந்து செய்யும் கேம் என்று பொதுவாகச் சொல்லலாம். எல்லைக்கோடு கொஞ்சம் மங்கல்தான். தமிழ் வாசகர்களுக்கு வெண்பா தெரிந்திருக்கும்: கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், இட்லி, புட்டு, அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பேடு. டொராண்டோவில் ஒரு சிறு குழு செய்து 2023-இல் கன்சோல்களுக்கும் வந்த கேம் அது. பிளாட்ஃபார்மர் இல்லை, ஆனால் இண்டி என்றால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்டால் நான் காட்டுவது அதைத்தான்.

பிளாட்ஃபார்மரில் இந்த வழியை வெட்டியவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் டைசுகே அமாயா. ஐந்து வருஷம் தனியாளாக உட்கார்ந்து, படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து, 2004-இல் கேவ் ஸ்டோரியை இலவசமாகக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு 2008-இல் பிரெய்ட், 2010-இல் லிம்போ, விவிவிவிவிவி, சூப்பர் மீட் பாய் என்று வரிசை கட்டின. இவற்றுள் சூப்பர் மீட் பாய் ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்தது. கேம் பயங்கரக் கஷ்டம். ரம்பங்களுக்கு நடுவே ஒரு மாமிசத் துண்டு ஓடித் தாவ வேண்டும். ஆனால் செத்தால் அடுத்த நொடியே திரும்ப நிற்கலாம். லைஃப் தீர்ந்து முதல் ஸ்டேஜுக்குத் துரத்துவதில்லை. ஒரு ஸ்டேஜை முடித்ததும் நீங்கள் செத்த அத்தனை தடவையும் ஒரே திரையில் ஒன்றாக ஓடிக் காட்டுவார்கள். நாற்பது மாமிசத் துண்டுகள் வரிசையாகச் சிதற, ஒன்று மட்டும் பிழைத்துப் போகும்! கஷ்டத்தை வைத்துக்கொண்டார்கள், தண்டனையை எடுத்துவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்து 2018-இல் வந்த செலஸ்ட். மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள். தொடக்கம் என்னவோ மிகச் சின்னது: மேடி தோர்சன், நோயல் பெர்ரி என்ற இருவர் நாலே நாளில் பிக்கோ-8 என்ற கற்பனைக் கன்சோலுக்குச் செய்த குட்டி கேம். அந்தக் கன்சோல் நிஜத்தில் கிடையாது, கம்ப்யூட்டருக்குள் வாழ்வது. வேண்டுமென்றே 128-க்கு 128 பிக்சல், 16 நிறம், 32 கிலோபைட் என்று கையைக் கட்டி வைத்திருப்பார்கள். எண்பதுகளில் தலையெழுத்தாக இருந்த குறுக்கத்தை இப்போது ஆசைப்பட்டுப் போட்டுக்கொள்கிறார்கள், விரதம் மாதிரி.

செலஸ்ட் ஆடுகிறவர்கள் “கஷ்டம், ஆனா நியாயமான கஷ்டம்” என்பார்கள். உண்மையில் அது நியாயமே இல்லை. உங்கள் பக்கம் ஓரவஞ்சனை செய்கிறது. செய்தவர்களே மேடலினின் நிரலைப் பொதுவில் போட்டிருப்பதால் எப்படியென்று பார்க்க முடிகிறது.

ஒரு திட்டின் விளிம்பைத் தாண்டி ஓடிவிட்டீர்கள், காலடியில் ஒன்றுமில்லை. அதன் பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், அதாவது 6 ஃபிரேம், தாவல் பட்டன் வேலை செய்யும். இதற்கு கயோட்டி நேரம் என்று பெயர். ரோட் ரன்னர் கார்ட்டூனில் மலை விளிம்பைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்து, கீழே பார்த்த பிறகுதான் விழுமே ஒரு கயோட்டி ஓநாய், அதை வைத்து வந்த பெயர். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவசரப்பட்டுப் பட்டனை அழுத்திவிட்டீர்களா? கேம் அதை ஞாபகம் வைத்திருந்து, கால் பட்டதும் தாவ வைக்கும். மேலே தாவும்போது தலை ஒரு மூலையில் இடிக்கப்போகிறதா? சில பிக்சல் பக்கவாட்டில் தள்ளிவிட்டு வழிவிடும். சுவரை உதைத்துத் தாவச் சுவரைத் தொட வேண்டியதில்லை. 2 பிக்சல் பக்கத்தில் இருந்தாலே போதும். தாவலின் உச்சியில் பட்டனைப் பிடித்திருந்தால் ஈர்ப்பு பாதியாகும். எங்கே இறங்கலாம் என்று பார்க்க ஒரு மூச்சு கிடைக்கும்.

இதில் எதுவும் திரையில் தெரியாது. ஆடுகிறவருக்குத் தோன்றுவதெல்லாம், “நான் நினைத்தேன், அவள் செய்தாள்” என்பது மட்டும்தான்.

பாண்டி ஆடும்போது நடுவராக நிற்கும் ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி கோட்டில் பட்டதை அவள் பார்த்துவிட்டாள். ஆனால் பையன் சரியாகத்தான் தாவ நினைத்தான் என்றும் அவளுக்குத் தெரியும். “படல, படல, ஆடு” என்கிறாள். செலஸ்ட் அந்த அக்கா. பழைய கேம்கள் குனிந்து, தரையில் கண்ணை வைத்துக் கோட்டைப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன்.

இது போக, வெளிப்படையாகவே உதவி கேட்கும் வசதியும் செலஸ்டில் உண்டு. கேமின் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலே ஆடலாம். இதைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். ஒப்புக்குச் சப்பாணி என்று குட்டிப் பிள்ளைகளை நாம் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லையா? அதில் ஒரு வாண்டு இரண்டு வருஷத்தில் நம்மையே ஜெயித்ததும் நடந்திருக்கிறதே.

பழசை நகலெடுப்பதற்கும் நினைவை நகலெடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் துலக்கமாகத் தெரிவது 2014-இல் வந்த ஷவல் நைட்டில். மண்வெட்டி ஏந்திய குட்டி வீரன். பார்த்தவுடன் ஃபேமிகாம் கேம் என்றே தோன்றும். ஆனால் அசல் ஃபேமிகாமில் இது ஓடவே ஓடாது. திரை இன்றைய டிவிக்கு ஏற்ற அகலம்; அந்தக் கன்சோலில் இல்லாத சில நிறங்களைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்; எத்தனை எதிரிகள் வந்தாலும் மினுக்கல் கிடையாது; பின்னணி பல அடுக்குகளாக நகரும். செத்தால் லைஃப் போகாது. காசு கொஞ்சம் சிதறி அதே இடத்தில் மிதந்துகொண்டிருக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது வழியில் வரும் விளக்குகள். அவை நடு நடுவே நமக்குக் கிடைக்கும் பாதுகாப்புப் புள்ளிகள். செத்தால் அங்கிருந்து தொடரலாம். அந்த விளக்கை நாமே உடைத்தால் உள்ளிருந்து காசு கொட்டும். பழைய காலத்துக் கஷ்டம் வேண்டுமா, நீயே காசு வாங்கிக்கொண்டு தேர்ந்தெடு என்கிறது கேம். மேகா மேன் கேமுக்கு இசையமைத்த மனாமி மட்சுமே இதில் இரண்டு பாட்டுக்கு இசை தந்திருப்பது கூடுதல் மகிழ்ச்சி.

சமீபத்தில் வந்தவற்றில் மூன்றைச் சொல்லலாம். அனிமல் வெல் 2024 மே மாதம் வந்தது. பில்லி பாசோ என்ற ஒருவர் ஏழு வருஷம் போல் செலவிட்டு, கேமை உள்ளிருந்து ஓட்டும் மென்பொருளான கேம் எஞ்சினையும் தானே எழுதிச் செய்தது. அளவு 40 மெகாபைட்டுக்கும் கீழே; இந்தக் காலத்தில் கன்சோலுக்கு வரும் திருத்தம்கூட அதைவிடப் பெரிது. குட்டி உருண்டை ஒன்று இருட்டுக் குகையில் அலையும் கேம். பெரிதாகச் சண்டை இல்லை. ஒவ்வொரு அறையும் ஒரு விடுகதை.

அதே வருஷம் செப்டம்பரில் யூஎஃப்ஓ 50. எண்பதுகளில் இருந்ததாகக் கற்பனை செய்த ஒரு நிறுவனத்தின் 50 கேம்கள் ஒரே பெட்டியில். 50-உம் முழு கேம். நம் 9999999 இன் 1 கேசட் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி. இதில் சில கேம்கள் வேண்டுமென்றே பழங்காலத்து முரட்டுத்தனத்தோடு தாவும். சவுக்குக்காரனின் தாவலை ரசிக்கக் கற்றவர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்கு முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான்.

மூன்றாவது ஹாலோ நைட்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருக்கும் டீம் செர்ரி என்ற கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்கள் செய்தது. 2019-இல் அறிவித்து, ஜனங்கள் ஆறு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி வந்தது. அன்று ஆன்லைன் கடைகளே கொஞ்ச நேரம் திணறி நின்றன. வந்த வாரமே சண்டையும் வந்தது. ரொம்பக் கஷ்டம் என்று ஒரு கூட்டம், கஷ்டம்தான் அழகு என்று இன்னொரு கூட்டம். ஆரம்பத்தில் வரும் பெரிய எதிரிகளான பாஸ்கள் இரண்டை முதல் திருத்தத்தில் சற்று இளக்கினார்கள். என் அபிப்பிராயம்: நாயகி ஹார்னெட்டின் தாவல் அற்புதம், காற்றில் அவள் போவதைப் பார்க்கவே கொடுத்த காசு சரி. ஆனால் பாஸிடம் தோற்ற ஒவ்வொரு முறையும் பழைய இடத்திலிருந்து அவ்வளவு தூரம் திரும்ப ஓடவிடுவது இருக்கிறதே, அது ஆர்கேடு காசுப் பெட்டியின் வால். அதை வெட்டியிருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிவியில் கேம் மோட் என்று ஒரு அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஆடுங்கள். இன்றைய டிவி படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்காகச் சற்றுத் தாமதிக்கிறது. சில டிவிகளில் அது 6 ஃபிரேம் அளவுக்குக்கூட இருக்கும். கயோட்டி நேரம் முழுவதையும் டிவியே தின்றுவிட்டால் அப்புறம் எந்த அக்கா வந்து காப்பாற்றுவது? பழைய குண்டு டிவியில் இந்தத் தாமதம் இல்லாததால், பழைய கேம்கள் இப்போது கூடுதல் கஷ்டமாகத் தெரிவதில் நம் வயசுக்குப் பங்கு பாதிதான்.

வரிசை கேட்டால், செலஸ்டில் தொடங்குங்கள், பிறகு ஷவல் நைட், அப்புறம் 1985-இன் மாரியோ. அதற்குப் பிறகுதான் காசில்வேனியா. நான் தலைகீழாகக் கொடுத்துத்தான் பையனிடம் கெட்ட பெயர் வாங்கினேன். செலஸ்டை அவன் ஊருக்குப் போகும்வரை கீழே வைக்கவில்லை.

மாரியோவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அதில் சேமிக்கும் வசதி கிடையாது. லைஃப் தீர்ந்தால் 1-1-இலிருந்து, அதாவது முதல் உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து, என்றுதான் நாங்கள் ஒரு முழுப் பரீட்சை லீவும் ஆடினோம். பெரியப்பா மகனும் நானும் 4-ஆவது உலகம்வரை போவோம், சாவோம், முதலிலிருந்து வருவோம். உண்மையில் ஆட்டம் முடிந்ததும் முதல் திரையில் ஏ பட்டனைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டை அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்தே தொடரலாம். அந்த வசதி 1985-இலிருந்தே அதற்குள் இருக்கிறது. போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு உடனே போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஏண்டா,” என்றார், “இதை இப்பவா சொல்லுவ?”